நெக்ரோனி: இவ்ளோ கசப்பை எப்படி ரசிச்சு குடிக்கிறாங்கன்னு கேக்குறவங்களுக்கு

நெக்ரோனிங்கிற இத்தாலிய காக்டெயில் பத்தி பேச்சு வந்தாலே ஏறக்குறைய இதே கேள்விங்கதான் வருது, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. குடிக்காதவங்களும் கதைக்காக படிக்கலாம், நடுவுல ஒரு சைதாப்பேட்டை கதை கூட இருக்கு.

நெக்ரோனின்னா என்ன, ரெண்டு வரில சொல்லுங்க

ஜின், காம்பாரி (சிவப்பு கலர் இத்தாலிய கசப்பு மது), ஸ்வீட் வெர்மூத் (மூலிகை ஊற வச்ச இனிப்பு வைன்), மூணும் சம அளவு. ஐஸ் மேல ஊத்தி கலக்கி ஒரு ஆரஞ்சு துண்டு போட்டா முடிஞ்சுது. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தோட ரெசிபில ஒவ்வொண்ணும் 30 மில்லி. ஜூஸ் இல்ல, சிரப் இல்ல, ஷேக்கர் கூட தேவையில்ல. இத்தாலில சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி பசியை கிளப்பிவிட குடிக்கிறதுக்கு அபெரிதீவோன்னு பேரு, இது அந்த வகை.

முதல் வாய் குடிச்சதும் இருமல் மருந்து மாதிரி இருந்துச்சு, எல்லாருக்கும் இப்படித்தானா?

நிறைய பேருக்கு அப்படித்தான். ஆனா இதுல என்னோட கட்சி என்னன்னா, நெக்ரோனி பிடிக்கலன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு பிரச்சனை கசப்பே இல்ல, அவங்க குடிச்சது சரியா செய்யாத நெக்ரோனி. எங்கேயோ அலமாரில மாசக்கணக்கா திறந்து கிடந்த வெர்மூத், ரெண்டே ரெண்டு சின்ன ஐஸ் கட்டி, கலக்குற வேலையே கிடையாது, அப்படியே நீட்டிடுவாங்க. குளிரும் இல்லாம தண்ணியும் சேராம இருந்தா காம்பாரியோட சர்க்கரை நாக்குல பிசுபிசுன்னு ஒட்டும், அதுக்கு மேல மூலிகை வாசனை, சிவப்பு கலர் வேற, இருமல் மருந்து ஞாபகம் வராம என்ன பண்ணும்.

மீதி பாதி பேருக்கு கசப்பே நிஜமா பிரச்சனைதான், அதுலயும் தப்பு ஒண்ணும் இல்ல. மனுஷ நாக்குல கசப்பை பிடிக்கிறதுக்குன்னே சுமார் 25 வகை ரிசெப்டர் இருக்கு, இனிப்புக்கு அவ்ளோ எல்லாம் கிடையாது, ஏன்னா விஷச்செடிங்க பலதும் கசக்கும், உடம்பு அதை பார்த்து உஷாராகுது. அது ஆபத்தில்லாத கசப்புன்னு மூளைக்கு புரிய கொஞ்சம் டைம் எடுக்கும். முதல் தடவையே நெக்ரோனில குதிக்காம அமெரிக்கானோல ஆரம்பிங்க, அது என்னன்னு கீழ சொல்றேன்.

காம்பாரில அப்படி என்னதான் இருக்கு?

ரெசிபி ரகசியம். மூலிகை, வாசனைச் செடி, பழம் எல்லாத்தையும் ஆல்கஹாலும் தண்ணியும் கலந்து ஊற வைக்கிறோம்ங்கிற அளவுக்குதான் கம்பெனி வாயைத் திறக்கும். இத்தாலிய பிட்டர்களுக்கு, அதாவது கசப்பு மூலிகை மதுக்களுக்கு, பொதுவா கசப்பு குடுக்கிறது ஜென்ஷன் வேர், கசப்பு ஆரஞ்சு தோல், சின்கோனா பட்டை இந்த மாதிரி ஐட்டங்கள். ஜென்ஷன்ல இருக்குற அமரோஜென்டின்ங்கிற பொருள் உலகத்துலயே ரொம்ப கசப்பான இயற்கை பொருட்கள்ல ஒண்ணு.

ஆரம்பிச்சவர் காஸ்பரே காம்பாரி. 1860-ல வட இத்தாலில நோவாராங்கிற ஊர்ல இதை உருவாக்கினார், அப்புறம் மிலானுக்கு வந்து கதீட்ரலுக்கு பக்கத்துலயே இருக்குற பெரிய கண்ணாடிக் கூரை கேலரில கஃபே போட்டார். அதை பெரிய பிராண்டா வளர்த்தது பையன் டேவிடே. 1932-ல சோடா கலந்தே பாட்டில்ல அடைச்சு காம்பாரி சோடான்னு விட்டாங்க, தலைகீழா நிக்கிற கிளாஸ் மாதிரி கூம்பா இருக்குற அந்த பாட்டிலை டிசைன் பண்ணது ஃபோர்ச்சுனாத்தோ தெப்பேரோங்கிற ஓவியர், இன்னிக்கும் அதே ஷேப்தான் விக்குது. போஸ்டர் கலெக்ட் பண்றவங்களுக்கு கப்பியெல்லோங்கிற ஓவியர் 1921-ல வரைஞ்ச, ஆரஞ்சு தோலுக்குள்ள சுருண்டு நிக்கிற கோமாளி தெரிஞ்சிருக்கும், அதுவும் இவங்க விளம்பரம்தான்.

ஒரு தடவை காம்பாரியை மட்டும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சு பாருங்க. முதல்ல வர்றது கசப்பே இல்ல, நல்லா இனிக்கும். அடுத்து ஆரஞ்சு தோலை நகத்தால கீறுனா வருமே அந்த வாசனை. முழுங்குன அப்புறம்தான் நாக்கோட பின்பக்கம் கசப்பு ஏறும், ஏறுனது இறங்காம ரொம்ப நேரம் நிக்கும். இது ஒரு தடவை தெரிஞ்சிட்டா நெக்ரோனில மத்த ரெண்டும் என்ன வேலை பண்ணுதுன்னு தானா பிடிபடும்.

காம்பாரி சிவப்புக்கு பூச்சி போடுறாங்களாமே, வெஜிடேரியன் குடிக்கலாமா?

போட்டாங்க, அது வதந்தி இல்ல. கொச்சினீல்னு சப்பாத்திக் கள்ளில வாழுற சின்ன பூச்சி, அதை காய வச்சு எடுக்கிற சாயம்தான் கார்மைன். 2006 வாக்குல பெரும்பாலான நாடுகளுக்கு போற காம்பாரில அதை நிறுத்திட்டு செயற்கை நிறத்துக்கு மாறிட்டாங்க. நாட்டுக்கு நாடு ஃபார்முலா மாறும், அதனால கைல இருக்குற பாட்டில் லேபிள்ல கார்மைன் இல்லனா இ120-ன்னு இருக்கான்னு பார்த்துக்கோங்க.

இந்த பூச்சிக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டு கடைசில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு மெட்ராஸ்ல இருந்த கிழக்கிந்திய கம்பெனி டாக்டர், இந்த சாயத்துல ஸ்பானியர்கள் கொள்ளை லாபம் பார்க்கிறாங்கன்னு சைதாப்பேட்டைல ஒரு கள்ளித் தோட்டமே போட்டு பூச்சி வளர்க்க பார்த்தார். கடைசில வந்து சேர்ந்தது மட்டமான ரக பூச்சி, சாயம் தேறல, கள்ளியை மட்டும் தின்னு தீர்த்துச்சு.

வெர்மூத்னா வைனா, இல்ல வேற ஏதாவதா?

வைன்தான். ஆனா சும்மா வைன் இல்ல, மூலிகை ஊற வச்சு, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து, சர்க்கரை போட்டது. ஐரோப்பிய சட்டப்படி அதுல குறைஞ்சது 75 சதவீதம் வைன் இருக்கணும், ஆல்கஹால் 14.5 சதவீதத்துக்கு மேல 22-க்கு கீழ. அர்டிமீசியா இனத்துச் செடி கட்டாயம் இருக்கணும், அது இல்லாம வெர்மூத்னு பேரே போட முடியாது. இங்க ஒரு சுவாரஸ்யம், நம்ம ஊர்ல பூச்சரத்துல வச்சு கட்டுற மரிக்கொழுந்தும் அதே அர்டிமீசியா இனம்தான். மரிக்கொழுந்தை கசக்கி மோந்து பார்த்தவங்களுக்கு நல்ல வெர்மூத்தோட வாசனைல அந்த சாயல் தெரியும், எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரியுது.

டூரின் நகரத்துல 1786-ல அன்டோனியோ பெனெடெட்டோ கார்ப்பானோ இதை விக்க ஆரம்பிச்சார்னு சொல்றதுதான் நவீன வெர்மூத்தோட ஆரம்பம். சிவப்பா இருக்கே ரெட் வைன்ல செஞ்சதான்னு கேப்பாங்க, பெரும்பாலும் இல்ல, அடிப்படை ஒயிட் வைன், கலர் கேரமல்ல இருந்து வருது.

இப்ப முக்கியமான மேட்டர். இது வைன்ங்கிறதால திறந்ததும் காத்து பட்டு கெட ஆரம்பிக்கும். ஜின்னும் காம்பாரியும் வருஷக்கணக்குல அலமாரில நிக்கும், வெர்மூத் நிக்காது. மூடி திறந்த அன்னிக்கே ஃப்ரிட்ஜ்ல ஏத்துங்க, ஒரு மாசம், ரொம்ப இழுத்தா ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க. பாட்டில் அடில கொஞ்சமா மிச்சம் இருந்து மேல பூரா காத்தா இருந்தா இன்னும் சீக்கிரம் போயிடும், அதனால 375 மில்லி பாட்டில் கிடைச்சா அதையே வாங்குங்க. கெட்டதை கண்டுபிடிக்க பெரிய திறமை எல்லாம் வேணாம், ஒரு மடக்கு தனியா குடிங்க, மூலிகை வாசனை செத்து பழைய உலர்திராட்சை தண்ணி மாதிரி சப்புன்னோ லேசா புளிப்போ இருந்தா அதை சமையல்ல ஊத்திடுங்க. மூணு பங்குல ஒரு பங்கு செத்திருக்கும்போது எவ்ளோ விலை உயர்ந்த ஜின் ஊத்துனாலும் அந்த டிரிங்க் எழுந்திருக்காது. இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் தலையாட்டிட்டு போய் மறுபடி டிவி ஸ்டாண்டு பக்கத்துலயே வைக்கிறாங்க.

எந்த வெர்மூத் வாங்கலாம்?

மார்டினி ரோஸ்ஸோ, சின்சானோ ரோஸ்ஸோ ரெண்டும் ஈசியா கிடைக்கும், ஃப்ரெஷ்ஷா இருந்தா தாராளமா போதும். கொஞ்சம் செலவு பண்ண ரெடின்னா கோக்கி வெர்மூத் டி டொரினோ, என்னோட சாய்ஸ் அதுதான், கோகோ மாதிரி ஒரு அடர்த்தி இருக்கும். கார்ப்பானோ அன்டிக்கா ஃபார்முலாவை எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுவாங்க, தனியா குடிக்க அருமை, ஆனா அதோட வனிலா நெக்ரோனிக்குள்ள சில சமயம் கொஞ்சம் ஓவரா பேசும். கசப்பு பத்தலங்கிறவங்களுக்கு புன்ட் எ மெஸ், அது வெர்மூத்தே கசப்பு தூக்கலா இருக்குறது.

ஜின் எது?

ஜின்னுக்கே அடையாளமான ஜூனிப்பர் காய் வாசனை முன்னாடி நிக்கிற லண்டன் டிரை வகை ஜின் ஏதாவது. டேங்குரே, பீஃபீட்டர் போதும். ரோஜா, வெள்ளரி, பெர்ரின்னு மென்மையான வாசனை போட்ட ஜின்னுக்கு காசு குடுக்காதீங்க, காம்பாரி முன்னாடி அதெல்லாம் காணாம போயிடும். 37.5 சதவீத ஆல்கஹால் இருக்குற ஜின்னை விட 43, 45 பக்கம் இருக்குறது நல்லா தாங்கும்.

சரி, செய்யறது எப்படி?

கனமான அடி உள்ள குட்டை கிளாஸ், முடிஞ்சா முன்னாடியே ஃப்ரீசர்ல வச்சது. வாய் வரைக்கும் ஐஸ், பெரிய கட்டியா இருந்தா நல்லது. மூணையும் 30 மில்லி அளந்து ஊத்துங்க. கண்ணளவுல ஊத்தாதீங்க, சம அளவுங்கிறதுதான் இந்த டிரிங்கே, காம்பாரி 10 மில்லி கூடினா கூட பளிச்சுன்னு தெரியும். நீட்டு ஸ்பூனால 20, 30 செகண்ட் நிதானமா சுத்துங்க. கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்கும், திரவத்தோட அடர்த்தி கொஞ்சம் குறைஞ்சு ஐஸ் சுலபமா சுத்த ஆரம்பிக்கும், அப்ப நிறுத்துங்க.

அந்த நேரத்துல ஐஸ் உருகி சேர்ற தண்ணி வீணாப்போற தண்ணின்னு நினைக்காதீங்க, அதுவும் ரெசிபில ஒரு பொருள்தான். 20, 25 மில்லி சேர்ந்தாதான் சர்க்கரை கட்டு தளர்ந்து வாசனை மேல வரும். குறைவா ஐஸ் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்னு சிலர் நினைப்பாங்க, நடக்குறது நேர் எதிர், கொஞ்ச ஐஸ் சீக்கிரம் உருகி டிரிங்க் குளிராமலே தண்ணியாயிடும்.

ஷேக் பண்ணாதீங்க. காத்து நுழைஞ்சு நுரை கட்டி கலங்கிடும், அந்த கண்ணாடி மாதிரி சிவப்பு போயிடும்.

கடைசில ஆரஞ்சு. துண்டு போடலாம், அதான் ரெசிபி, ஆனா நான் தோலை மட்டும் நீளமா சீவி வெளிப்பக்கம் கிளாஸைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு ஒரு மடி மடிச்சு பிழிவேன். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா எண்ணெய் பொடிப்பொடியா தெறிச்சு மேல படியறது தெரியும். முதல் வாய் குடிக்கும்போது மூக்குல முதல்ல ஏறுறது அந்த எண்ணெய், கசப்பு வர்றதுக்குள்ள அது போய் சமாதானம் பேசி வச்சிருக்கும்.

அப்புறம் அவசரப்படாம குடிங்க. முதல் ரெண்டு மூணு வாய் ஜின்னோட காரம், நடுவுல போகப்போக வெர்மூத்தோட மூலிகையும் திராட்சையும் வெளில வரும், கடைசில ஐஸ் உருகி ஆரஞ்சும் மெல்லிசான கசப்பும் மட்டும் நிக்கும். அரை மணி நேரம் ஓட்டலாம்.

இதை கண்டுபிடிச்சது யாரு? அந்த கவுண்ட் (இத்தாலிய பிரபு) கதை உண்மையா?

பரவலா சொல்ற கதை இது. ஃப்ளாரன்ஸ்ல தொர்னாபூவோனி தெருவுல கஃபே கஸோனின்னு ஒரு இடம், 1919 வாக்குல கவுண்ட் கமில்லோ நெக்ரோனி அங்க ரெகுலர் கஸ்டமர். வழக்கமா குடிக்கிற அமெரிக்கானோ சப்புன்னு இருக்கு, சோடாவுக்கு பதிலா ஜின் ஊத்துன்னு பார்டெண்டர் ஃபோஸ்கோ ஸ்கார்செல்லிகிட்ட கேட்டார், அவரும் ஊத்தினார், வித்தியாசம் தெரியட்டும்னு எலுமிச்சைக்கு பதிலா ஆரஞ்சு துண்டு போட்டார், மத்தவங்களும் நெக்ரோனி குடிக்கிறது ஒண்ணு குடுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கமில்லோ நிஜமாவே வாழ்ந்த ஆள், அமெரிக்கால கொஞ்ச காலம் மாட்டுப்பண்ணைல கௌபாயா சுத்துனவர்னு சொல்வாங்க.

ஃபிரான்ஸ்ல இன்னொரு நெக்ரோனி குடும்பம் இருக்கு, எங்க முன்னோர் பாஸ்கல் ஒலிவியே தெ நெக்ரோனிங்கிற ராணுவ அதிகாரிதான் இதை கண்டுபிடிச்சவர்னு அவங்க கொடி பிடிக்கிறாங்க. அவர் கண்டுபிடிச்சிருக்கணும்னா காலக்கணக்கே ரொம்ப முன்னாடி போகும். நான் ஃப்ளாரன்ஸ் கட்சி. கஃபே பேரு, பார்டெண்டர் பேரு, எதை எடுத்துட்டு எதை ஊத்தினார்ங்கிற காரணம்னு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. இதே மூணும் சம அளவுல சேர்ந்த ரெசிபி 1920-கள் கடைசில ஃபிரான்ஸ்ல வேற பேர்ல அச்சாகியும் இருக்கு, அப்ப அந்த காம்பினேஷன் ஐரோப்பால நாலு பக்கமும் சுத்திட்டு இருந்திருக்கு.

அமெரிக்கானோ, ஸ்பாலியாத்தோ, புல்வார்டியே, தலை சுத்துது, எல்லாம் என்ன?

எல்லாம் ஒரே வீட்டு பிள்ளைங்க. மூத்தது மிலானோ தொரினோ, காம்பாரியும் வெர்மூத்தும் மட்டும், ஒண்ணு மிலான் சரக்கு இன்னொண்ணு டூரின் சரக்குங்கிறதால அந்த பேரு. அதுல சோடா ஊத்தினா அமெரிக்கானோ. சோடாவை எடுத்துட்டு ஜின் ஊத்தினா நெக்ரோனி. ஜின் இடத்துல அமெரிக்க விஸ்கி வந்தா புல்வார்டியே, பாரிஸ்ல பத்திரிகை நடத்துன எர்ஸ்கின் க்வின்னோட டிரிங்க், 1927-லயே அச்சுல இருக்கு, குளிர் காலத்துக்கு சூப்பர். ஜின் இடத்துல ஸ்பார்க்ளிங் வைன் வந்தா ஸ்பாலியாத்தோ, மிலான் பார் பாஸ்ஸோல 1972-ல மிர்கோ ஸ்டோக்கெட்டோ ஜின் பாட்டில்னு நினைச்சு ஸ்பார்க்ளிங் வைனை எடுத்து ஊத்திட்டார்னு கதை. அரை நூற்றாண்டு அமைதியா இருந்துச்சு, 2022-ல ஒரு நடிகர் பேட்டில தனக்கு பிடிச்ச டிரிங்க்னு சொல்லி கிளிப் வைரல் ஆனதும் உலகம் பூரா கேக்க ஆரம்பிச்சிட்டாங்க.

ஒயிட் நெக்ரோனி தனி ரகம். வெய்ன் காலின்ஸ்ங்கிற இங்கிலாந்து பார்டெண்டர் 2001-ல ஃபிரான்ஸ்ல ஒரு வைன் கண்காட்சிக்கு போன இடத்துல காம்பாரி கைல இல்லாம, ஜென்ஷன்ல செஞ்ச சூஸ்ங்கிற மஞ்சள் மதுவையும் லிலே ப்ளாங்ங்கிற வைன் வகை மதுவையும் ஜின்னோட போட்டு செஞ்சது. மண் வாசனையோட வேற மாதிரி கசப்பு.

காம்பாரிக்கு பதிலா அப்பெரோல் ஊத்தலாமா?

ஊத்தலாம், அதுவும் இத்தாலிய பிட்டர்தான், ஆனா 11 சதவீத ஆல்கஹாலும் பாதி கசப்பும்தான், நெக்ரோனின்னு சொல்லாம குடிங்க.

ஜின் கொஞ்சம் தூக்கலா போட்டா?

45 மில்லி ஜின், மத்தது 30ன்னு போடுறவங்க நிறைய இருக்காங்க, கொஞ்சம் டிரையா வரும், நல்லாவே இருக்கும். காம்பாரியை குறைக்கிறதுதான் எனக்கு ஒத்துக்காது. கசப்பு வேணாம்னா வேற டிரிங்க் ஆயிரம் இருக்கு.

இதுல ஆல்கஹால் எவ்வளவு? லைட்டான டிரிங்க்தானே?

இல்லவே இல்ல, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கணக்கு போடலாம். 40 சதவீத ஜின் 30 மில்லில 12 மில்லி சுத்த ஆல்கஹால், 25 சதவீத காம்பாரில 7.5, 16 சதவீத வெர்மூத்ல 4.8, மொத்தம் 24.3 மில்லி, அதாவது 19 கிராம் பக்கம். 10 கிராமை ஒரு அளவுன்னு வச்சுக்கிற நாடுகள்ல இது கிட்டத்தட்ட ரெண்டு டிரிங்க். ஐஸ் உருகின அப்புறமும் கிளாஸ்ல 21 சதவீதம் இருக்கும். ஒண்ணோட நிறுத்துங்க, வண்டி சாவியை தொடாதீங்க.

கசப்புங்கிறதால வயித்துக்கு, ஈரலுக்கு நல்லதுன்னு ஒரு அங்கிள் சொல்றாரே?

ஐரோப்பால கசப்பு மூலிகைகளை வயித்துக்குன்னு மருந்துக்கடைலயே வித்த காலம் ஒண்ணு இருந்துச்சு, பல பிட்டர்களோட ஆரம்பமே அங்கதான். அதுக்காக 19 கிராம் ஆல்கஹால் மருந்தாயிடாது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு ஆல்கஹாலுக்கு கிடையாதுன்னு 2023-ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. ருசிக்கு குடிக்கிறோம்னு ஒத்துக்கிட்டு குடிக்கலாம், அங்கிளுக்கும் அதையே சொல்லுங்க.

ஆல்கஹால் இல்லாம இந்த கசப்பு கிடைக்குமா?

கிடைக்கும், இத்தாலிக்காரங்களே குடிக்கிறாங்க. 1965-ல வந்த க்ரோடினோ, ஆரஞ்சு கலர், சின்ன பாட்டில். சிவப்பு வேணும்னா சான்பிட்டர். ஐஸ் நிறைய போட்டு ஆரஞ்சு தோலை பிழிஞ்சு விட்டா சாயங்காலத்துக்கு ஜம்முனு இருக்கும், கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, சோடா சேர்த்துக்கோங்க.

பார்ட்டிக்கு முன்னாடியே கலந்து பாட்டில்ல வைக்கலாமா?

இதுக்குன்னே பொறந்த டிரிங்க், ஜூஸ் எதுவும் இல்லாததால சீக்கிரம் கெடாது. மூணும் தலா 200 மில்லி, கூட 130, 150 மில்லி குடிதண்ணி, ஏன்னா இங்க ஐஸ் போட்டு கலக்குற வேலை இல்லாததால அந்த தண்ணியை நாமதான் சேர்க்கணும். ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர வச்சு பெரிய ஐஸ் மேல ஊத்தி குடுத்துட வேண்டியதுதான். தண்ணி சேர்த்ததை ராத்திரி பூரா ஃப்ரீசர்ல விட்டா கூழ் மாதிரி கட்டிடும், அதனால ஃப்ரிட்ஜே போதும். வெர்மூத் உள்ள இருக்குன்னு ஞாபகம் வச்சு ரெண்டு மூணு வாரத்துல முடிங்க.

கூட என்ன கொறிக்கலாம்?

உப்பும் கொழுப்பும் இருக்குற எதுவும். மிலான் பார்கள்ல ஆலிவ், சிப்ஸ், வறுத்த நட்ஸ், சின்னச் சின்ன சீஸ் துண்டு வைப்பாங்க. உப்பு கசப்பை கொஞ்சம் அமுக்கிடும், அதனால முதல் தடவை குடிக்கிறவங்களுக்கு பக்கத்துல ஒரு கிண்ணம் உப்பு முந்திரி வச்சாலே பாதி சண்டை முடிஞ்சிடும். இனிப்பு மட்டும் வைக்காதீங்க, கேக்கோட கொண்டு வந்து நீட்டுவாங்க சிலர், கசப்பு டபுளா தெரியும். மசாலா வேர்க்கடலை ஓகே, ஆனா காரம் ஜாஸ்தினா ஆல்கஹால் எரிச்சலும் சேர்ந்து வெர்மூத் வாசனை ஒண்ணும் தெரியாம போயிடும், மிளகாயை கம்மி பண்ணிக்கோங்க.